மவுண்ட் ரோட்டு வாசலும் புளியங்குடி வாசகரும்: அயலக ஆங்கில நூலகங்களின் எல்லை

ஒரு நாடு தன் மொழி நூல்களோடு இன்னொரு நாட்டில் நூலகம் திறக்கும்போது, அதன் பண்பாட்டுப் பங்கை இரண்டு கேள்விகளால் அளக்க வேண்டும். உள்ளே வந்தவர் எதை எடுத்துச் சென்றார்? வாசலுக்கே வர இயலாதவருக்கு என்ன கிடைத்தது? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. இரண்டாவதைச் சங்கரன்கோவில் வட்டாரத்துப் புளியங்குடியில் நின்றுதான் கேட்க முடியும். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன இந்த மலையடிவார ஊரிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர்.

சென்னையில் ஆங்கில நூல்கள் ஆள்வோரின் தேவைக்காகவே குவிந்தன. 1812இல் தொடங்கிய சென்னை இலக்கியச் சங்கம் அதிகாரிகளும் நீதிபதிகளும் கூடிய இடம். இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்த ஹெய்லிபரிக் கல்லூரி மூடப்பட்டபின் அங்கே மிஞ்சிய நூல்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அந்தச் சிறு சேகரத்திலிருந்து வளர்ந்ததுதான் 1896 டிசம்பரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். விடுதலைக்குப் பின் சென்னை மவுண்ட் ரோட்டில் பிரிட்டிஷ் கவுன்சிலும் அமெரிக்கத் தகவல் நிலையமும் நடத்திய நூலகங்களுக்கு நோக்கம் வேறு. ஆள்வதற்குப் பதிலாக, தம் நாட்டின் மீது நல்லெண்ணத்தை வளர்ப்பது அவற்றின் வேலையாயிற்று.

அந்த நோக்கம் வாசகரிடம் எவ்வளவு பலித்தது என்பதற்கு எழுத்தாளர் அசோகமித்திரன் தரும் சான்றைவிடச் சிறந்ததை நான் அறியேன். அவர் சென்னையின் ஜெமினி திரைப்பட ஸ்டுடியோவில் செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்க்கும் வேலையில் இருந்தார். அங்கே ஒருமுறை வந்து உரையாற்றிய ஆங்கிலக் கவிஞர் யார் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னர் ‘என்கவுன்டர்’ என்ற பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவித்தது. கதையை அனுப்பத் தபால்செலவு செய்யும் முன், அது எப்படிப்பட்ட பத்திரிகை என்று பார்க்க அவர் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போனார். இதழ்கள் யாரும் தொடாமல் கிடந்தன. ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் அன்று வந்த கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் என்று புரிந்தது. 1953இல் லண்டனில் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு அமெரிக்க உளவு அமைப்பின் பணம் மறைமுகமாகப் போனது 1967இல் அம்பலமாயிற்று, ஸ்பெண்டர் விலகினார். பனிப்போரின் கருவியாக அனுப்பப்பட்ட இதழ், சென்னையில் சம்பளம் குறைந்த ஓர் இளம் எழுத்தாளரின் ஐயத்தைத் தீர்த்ததோடு சரி. அனுப்பியவர் எண்ணியது ஒன்று, வாசகர் எடுத்துக்கொண்டது வேறொன்று. ஆகவே இந்நூலகங்களை வெறும் பிரச்சாரக் கூடங்கள் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை.

ஆனால் அசோகமித்திரனால் வேலையிடத்திலிருந்து எட்டிப் போய்ப் பார்க்க முடிந்தது. புளியங்குடியில் கதை எழுதியவருக்கு அந்த வாசல் இல்லை. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் எட்டக்கூடிய திருவனந்தபுரத்தில் ஒரு பிரிட்டிஷ் நூலகம் இருந்தது. அதுவும் 2008இல் மூடப்பட்டது. அதை மூடும் முடிவில் உள்ளூர் வாசகருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. அயல் அரசின் தயவில் நடக்கும் நூலகத்தின் அடிப்படைக் குறை இதுவே.

சோவியத் அரசும் பிரச்சாரத்துக்குத்தான் பணம் செலவழித்தது. இருந்தும் அது வேறு வழியில் வந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டிகள் சிற்றூர்களுக்குக் கொண்டுபோய் மலிவு விலையில் விற்றன. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தல்ஸ்தோயைப் படிக்க ஆங்கிலமும் வேண்டாம், உறுப்பினர் அட்டையும் வேண்டாம். தென்மாவட்டங்களின் வாசிப்பில் ரஷ்ய இலக்கியம் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்குக் கொள்கைப் பிடிப்பை மட்டும் காரணம் காட்டுவது போதாது. மொழியும் வண்டியும் அதில் பாதி வேலையைச் செய்தன.

அப்படியென்றால் ஆங்கில நூலக மரபு புளியங்குடிக்கு ஒன்றுமே தரவில்லையா? தந்தது, மவுண்ட் ரோடு வழியாக அல்ல. கணித ஆசிரியராக இருந்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் சென்றவர், குராய்டன் நூலகர் பெர்விக் சேயர்ஸின் வழிகாட்டுதலில் இங்கிலாந்தின் பொது நூலகங்களைப் பார்த்தார். நூல்களை விட அவர் அங்கிருந்து கொண்டுவந்த பெரிய சரக்கு, எளியவருக்கும் நூலகம் உரிமை என்ற எண்ணம். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது விடுதலை இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. எலுமிச்சை வியாபாரி நகராட்சியில் கட்டும் வரியில் ஒரு பங்கு நூலகத்துக்குப் போகிறது. அதனால் கிளை நூலகத்தில் புத்தகம் கேட்பது அவருடைய உரிமை. எந்தத் தூதரகமும் தர முடியாதது அது.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. உயர்கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய ஆங்கில நூல்கள் சிற்றூர்க் கிளை நூலகத்தின் சேகரத்தில் அடங்காது. அந்தக் குறையைத் தீர்க்க அயல்நாட்டு வாசல்களுக்காக ஏங்கத் தேவையில்லை. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நம் பணத்தில் எழுந்துள்ளன. மதுரை புளியங்குடிக்குச் சென்னையைவிட வெகு அருகில் இருக்கிறது. புளியங்குடி மாணவி கேட்கும் ஓர் ஆங்கில நூல் மதுரையிலிருந்து அவளுடைய கிளை நூலகத்துக்கே இரவலாக வந்து சேர வேண்டும். அதற்கான முறையை வகுத்து, வண்டியும் பணியாளரும் ஒதுக்குவது நூலகத் துறை உடனே எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.