பிணை நின்றவர்கள்: தமிழகத்தில் கூட்டுக் கடனின் ஒரு நூற்றாண்டு

தமிழகத்தில் ஏழைகளுக்கான கடனின் வரலாறு பெரும்பாலும் சட்டங்கள், திட்டங்களின் வரிசையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஈடு வைக்க எதுவுமில்லாதவருக்குப் பிணை நின்றது யார் என்று கேட்டால், அதே வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது.

1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் நிதி போன்றவை மாதச் சம்பளக்காரர்களின் சேமிப்பில் வளர்ந்தவை. உழவர்களுக்கு அப்படி ஏதும் இல்லை. 1892-இல் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பிய வேளாண் வங்கிகளை ஆராயப் பணித்தது. 1895, 1897 ஆண்டுகளில் வந்த அவரது அறிக்கை, ஜெர்மனியில் ரைபைசன் வளர்த்த சிற்றூர்ச் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. ஒருவர் கடனுக்கு ஊரே பொறுப்பு. ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில்தான் இது நடக்கும். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு இந்த வரம்பற்ற பொறுப்பையே விதித்தது. அவ்வாண்டே திருவள்ளூர் அருகே திரூரில் வேளாண் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின.

ஆனால் சங்கங்கள் நம்பியது ஆளை அல்ல, நிலத்தை. பட்டா இருப்பவருக்கே கடன் எளிதாயிற்று. 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, நாட்டின் உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. வட்டிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. குத்தகைதாரரும் கூலிக்காரரும் சங்கத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை என்றே இதைப் படிக்க வேண்டும். பெண்களைச் சொல்லவே வேண்டாம்.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, பூக்காரிகளையும் மீன்காரிகளையும் நடைபாதை வியாபாரிகளையும் தெருவாரியாகக் குழுக்களாக்கியது. வங்கிக் கடனுக்கு உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஜாமீன். வங்கிகளின் இழுத்தடிப்பு பொறுக்காமல் 1981-இல் சொந்தக் கூட்டுறவுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள்.

அடுத்த திருப்பம் வறண்ட தருமபுரியில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் அங்கு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 12 முதல் 20 பேர் கொண்ட குழு. வாரம் பத்தோ இருபதோ சேமிப்பு. கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து எல்லார் கண்ணெதிரே பணத்தை எண்ணுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஊக்குநர் எழுத, எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலா, பள்ளிக் கட்டணமா, ஆட்டுக்குட்டி வாங்கவா, யாருக்கு அவசரம் என்று பேசி உள்கடன் முடிவாகும். பெரும்பாலும் இரண்டு வட்டி, அதாவது ஆயிரத்துக்கு மாதம் 20 ரூபாய். ஆண்டுக் கணக்கில் 24 விழுக்காடு, குறைவில்லைதான். ஆனால் அந்த 20 ரூபாய் வட்டிக்கடைக்குப் போகாமல் குழுவின் பெட்டிக்கே திரும்பியது. என் பார்வையில், திட்டத்தின் உயிர் மானியத்திலோ பயிற்சியிலோ இல்லை, இந்தத் திரும்புதலில்தான் இருந்தது. அவரவர் சேமிப்போடு வட்டியும் சேர்ந்து வளர்ந்த பொதுப்பணமே வங்கி மேலாளரிடம் காட்டுவதற்கான அத்தாட்சியாயிற்று.

1992-இல் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை அறிவித்தது. 1997-98-இல் தமிழக அரசின் மகளிர் திட்டம் வழியாகக் குழுக்கள் தமிழகமெங்கும் பரவின. இலக்கும் மானியமும் வந்து சேர்ந்ததும் அவசரமும் வந்தது. மாதக்கணக்கில் பழகிச் சேரவேண்டிய குழுக்கள் மானியத்துக்காகக் கூடின, அறிமுகம் மெலிந்தது.

குழு என்ற வடிவம் நுண்கடன் நிறுவனங்களுக்கும் வசதியாக அமைந்தது. பெண்கள் வட்டமாக உட்காருவது அதே. கூட்டுப் பொறுப்பும் அதே. சேமிப்பு மட்டும் அங்கே மையமாக இல்லை, வட்டி ஊரைவிட்டு வெளியேறியது. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்களை உட்காரவைத்து வசூலிக்கும் வழக்கமும் வந்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டையும் ஒரே தலைப்பில் அடுக்கும் ஆய்வுகள் முக்கியமான வேறுபாட்டைத் தவறவிடுகின்றன: தருமபுரிப் பெண்களின் பிணை அவர்களுடைய சொந்தப் பணத்துக்கு; நுண்கடனில் அது அடுத்தவர் முதலுக்கு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன் குறி வசூலிப்பவரின் நடத்தை. வட்டி எங்கே போய்ச் சேருகிறது என்பதல்ல.