திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம்

திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம் என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் உள்ள வட்ட வடிவிலான நெல் சேமிப்புக் கட்டிடம் ஆகும். பாபநாசம் நெற்களஞ்சியம் என்றும் இது அழைக்கப்படுகிறது. தஞ்சை நாயக்க மன்னரான இரகுநாத நாயக்கரின் காலத்தில் (1600–1634) கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுள் இதுவும் ஒன்று.

அமைவிடம்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, காவிரியின் தென்கரைப் பகுதியில் இக்கோயில் அமைந்துள்ளது. இது அப்பரால் பாடப்பெற்ற சிவத்தலம் ஆகும்.

பின்னணி

கோயில்களுக்கு மன்னர்களும் பிறரும் நிலங்களைக் கொடையாக அளித்தனர். அந்நிலங்களின் வருவாய் பெரும்பாலும் நெல்லாகவே வந்தது. பூசைச் செலவு, திருவிழா, பணியாளர் ஊதியம் ஆகியவையும் நெல்லாலேயே ஈடுசெய்யப்பட்டன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் வழங்கப்பட்டதை அக்கோயிலின் கல்வெட்டு தெரிவிக்கிறது. இவ்வகையில் மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம் நெல் தேவைப்பட்டது. எனவே களஞ்சியம் என்பது கோயிலின் உணவுக் கிடங்காக மட்டுமன்றி, அதன் கருவூலமாகவும் விளங்கியது.

கட்டிட அமைப்பு

இக்களஞ்சியம் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்டது. இதன் உயரம் 36 அடி (ஏறத்தாழ 11 மீட்டர்). சுற்றளவு 86 அடி (ஏறத்தாழ 26 மீட்டர்). இதில் 3000 கலம் நெல் சேமிக்கலாம் எனக் கூறப்படுகிறது. ஒரு கலம் என்பது 12 மரக்கால் ஆகும். மரக்காலின் அளவு காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப வேறுபட்டதால், இதனைச் சோழர் காலக் கணக்குடன் நேரடியாக ஒப்பிட இயலாது.

சுவர் வட்டமாக எழும்பி, மேற்பகுதி கூம்பு போல் குவிந்து முடிகிறது. சரிவான கூரையில் மழைநீர் தேங்குவதில்லை. கீழ், நடு, மேல் என மூன்று உயரங்களில் திறப்புகள் உள்ளன. மேல் திறப்பின் வழியே நெல்லைக் கொட்டவும், கீழ்த் திறப்பின் வழியே எடுக்கவும் இயலும்.

வட்ட வடிவின் பயன்

குவித்து வைக்கப்படும் நெல், சுவரைப் பக்கவாட்டில் வெளிநோக்கித் தள்ளும். சதுரக் கட்டிடத்தில் இவ்வழுத்தம் நேர்ச்சுவர்களை வளைக்க முற்படும். வட்டச் சுவரில் அழுத்தம் சுற்றிலும் சீராகப் பரவுகிறது. மேலும், நெல்லுக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வு எடையின் ஒரு பகுதியைச் சுவருக்கு மாற்றுவதால், தண்ணீர்த் தொட்டியில் போல ஆழத்துக்கு ஏற்ப அழுத்தம் கூடிக்கொண்டே செல்வதில்லை. இதற்கான சூத்திரத்தை செருமானியப் பொறியாளர் சான்சன் 1895இல் வெளியிட்டார். இக்களஞ்சியம் அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டது.

பிற களஞ்சியங்களுடன் ஒப்பீடு

திருவரங்கம் அரங்கநாதர் கோயிலிலும் பெரிய வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் உள்ளன. அவை கொட்டாரம் எனப்படுகின்றன. வீடுகளில் மண்ணால் செய்யப்பட்ட குதிர் இதே பயனுக்குரிய சிறிய கலம் ஆகும். பீகார் மாநிலம் பாட்னாவிலுள்ள கோல்கர், 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் விளைவாக ஆங்கிலேயரால் திட்டமிடப்பட்டு 1786இல் கட்டிமுடிக்கப்பட்டது. உயரம் 29 மீட்டர்.

இங்கிலாந்தின் கிரேட் காக்சுவெல் போன்ற இடங்களில் கிறித்தவ மடங்கள் கட்டிய களஞ்சியங்களோ நீண்ட செவ்வக வடிவில், மரக்கூரையுடன் அமைந்தவை. அங்கு கதிர்கள் கட்டுகளாகவே அடுக்கப்பட்டன. வண்டி உள்ளே செல்ல அகன்ற வாயில் வேண்டியிருந்தது. தமிழகத்தில் களத்தில் அடித்துத் தூற்றி, காயவைத்த நெல்மணிகளே சேமிக்கப்பட்டதால் சிறிய திறப்புகளே போதுமானவையாக இருந்தன.

இன்றைய நிலை

பணப் பொருளாதாரம் பரவியபின் கோயில் களஞ்சியங்களின் தேவை குறைந்தது. தற்போது காவிரிப் படுகையில் நெல் பெருமளவில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் (1972) நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்கப்படுகிறது. போதிய கூரையின்றித் திறந்தவெளியில் அடுக்கப்படும் மூட்டைகள் மழையில் நனைந்து வீணாவது குறித்த செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன.

தஞ்சைப் பகுதி தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்றும், பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றும் இன்றும் குறிப்பிடப்படுகின்றன. அச்சொல் முதலில் குறித்த கட்டிட வகைக்கு எஞ்சியுள்ள சான்றுகளுள் திருப்பாலைத்துறைக் களஞ்சியம் குறிப்பிடத்தக்கது.