கரண்ட் பில் பாக்கி யார் தலையில்?

மாடியில் ஒரே ஒரு போர்ஷன். அதில் வரும் வாடகைதான் ஓய்வுபெற்ற ஒருவருக்கு மாதச் செலவு. குடியிருந்தவர் திடீரென்று காலி செய்துகொண்டு போகிறார். கொஞ்ச நாளில் ஈ.பி.காரர் ரீடிங் எடுக்கிறார். பில் வீட்டுக்காரர் பேரில் வருகிறது. சாப்பிட்டது ஒருத்தர், இலை எடுப்பது இன்னொருத்தர்! நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது நடக்கும் கதை இது. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சட்ட வரலாறு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் 1910-ம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம். பணம் கட்டாதவருக்கு ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது அது. கம்பெனி கையில் இப்படி ஓர் ஆயுதம் இருந்தது. வீட்டுக்காரர் கையில் என்ன இருந்தது? ஃபியூஸ் கேரியர்தான். வாடகை தராதவர், பில் தராதவர், ஏன், பிடிக்காதவர் என்று எல்லோருக்கும் அதே வைத்தியம். ஃபியூஸைப் பிடுங்கு, தண்ணீரை நிறுத்து!

இதைத் தடுக்கத்தான் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 17-வது பிரிவு இருந்தது. தகுந்த காரணம் இல்லாமல் குடித்தனக்காரர் அனுபவிக்கும் வசதிகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. நியாயமான சட்டம்தான். குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பத்தை இருட்டில் உட்கார வைப்பதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. வேண்டுமென்றே வாடகை தராவிட்டால் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். கரண்ட் காசு வாடகையில் சேருமா, சேராதா?

கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் இருந்த கர்நானி மேன்ஷன் வழக்கில் இதற்கு ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. கட்டிடத்தோடு மின்சாரம் போன்ற வசதிகளுக்காகவும் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை 'வாடகை' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 1950களில் உச்சநீதிமன்றம் சொன்னது. 'ஒப்புக்கொண்ட' என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தமே எழுதாமல் வாய் வார்த்தையில் வீடு விடுபவர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

அடுத்த கேள்வி இன்னும் சிக்கலானது. பாக்கி என்பது ஆளின் கடனா, வீட்டின் கடனா? 1995-ல் இஷா மார்பிள்ஸ் வழக்கில், ஏலத்தில் சொத்து வாங்கியவர் பழைய நுகர்வோரின் பாக்கிக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. 2003-ல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. நோட்டீஸ் பதினைந்து நாளானது. உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்றது. வீட்டுக்காரர் என்.ஓ.சி. தரவில்லை என்பதற்காகக் குடித்தனக்காரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது என்று 2022-ல் உச்சநீதிமன்றமும் சொன்னது. 2023-ல் கே.சி.நினன் வழக்கில் இன்னொரு பக்கம் தெளிவானது. பாக்கி தானாகவே சொத்தின் மேல் ஏறாது. ஆனால் மின்வாரிய விதிமுறையில் இடம் இருந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று சொல்லலாம்.

ஆக, பெரிய கட்டிடக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி சர்வீஸ் வாங்கித் தப்பித்துக்கொள்கிறார். ஒரே சர்வீஸில் சப் மீட்டர் போட்டு வாடகைக்கு விடும் சின்ன வீட்டுக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். வாரியத்தின் கணக்கில் இரண்டு குடும்பமும் ஒரே நுகர்வோர். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசமும் ஒரு இணைப்புக்குத்தான். யூனிட் கூடக் கூட ரேட்டும் ஏறும். அந்தக் கூடுதல் யார் பங்கு என்று சண்டை வரும். குடித்தனக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. யூனிட்டுக்கு இஷ்டப்படி ரேட் போட்டு வசூலிப்பவர்கள் எத்தனை பேர்!

1960 சட்டம் போய் 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரலாம். ஃபியூஸைப் பிடுங்குவது இப்போதும் தவறுதான்.

நூறு வருட வரலாறு சொல்லும் பாடம் எளிமையானது. வீட்டுக்காரருக்கு ஃபியூஸ் கேரியரை விட ஒரு துண்டுக் காகிதம் பலமானது. குடிவரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் மீட்டர் ரீடிங்கை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் பாதி வழக்குகள் பிறக்கவே பிறக்காது. நீங்கள் வீட்டுக்காரரோ குடித்தனக்காரரோ, உங்கள் ஒப்பந்தத்தில் கரண்ட் பில் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.