மழை வந்துவிட்டது என்று யார் சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஐப்பசியில் ஓசூரிலிருந்து மாப்பிள்ளையின் காரில் நாகரசம்பட்டி திரும்பிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் வைப்பர் தானாகவே ஓடும் கார் அது. முந்தின வாரம்தான் முன் கண்ணாடியில் தண்ணீர் ஒட்டாத மருந்து ஒன்றைப் பூசியிருந்தார். "இனி மழை பெய்யறதே தெரியாது மாமா" என்றார் பெருமையாக.

சூளகிரி தாண்டியதும் தூறல் பிடித்தது. இருட்டு வேறு. முன்னால் போன லாரி மெதுவாகப் போக, நாங்களும் வேகத்தைக் குறைத்தோம். கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் துளிகள். ஒவ்வொரு துளியிலும் எதிர்வண்டியின் விளக்கு. வைப்பர் அசையவே இல்லை. பின்விளக்கு எரியாமல் ஓரமாகப் போன மொபெட்டைக் கிட்டே போன பிறகுதான் பார்த்தோம். மயிரிழையில் தப்பியது. மாப்பிள்ளை சொன்ன மாதிரியே மழை பெய்தது தெரியவில்லை, காருக்கு!

ஏன் இப்படி என்று புரிய, வைப்பரின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தார். பனிமழையில் கண்ணாடி மறைக்க, டிராம் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்தார். உள்ளே கைப்பிடி, வெளியே ரப்பர் பட்டை வைத்த கை என்று ஒரு கருவியை வடிவமைத்து 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. காப்புரிமைக் காலமும் முடிந்துபோனது. அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

பிறகு எஞ்சின் உறிஞ்சும் விசையால் ஓடும் வைப்பர் வந்தது. பழைய ஜீப்களில் பார்த்திருப்பீர்கள். மேடேறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அந்த விசை குறைந்து வைப்பர் சோர்ந்துவிடும். அதாவது, கணவாய் ஏறும்போது, மிகவும் தேவையான நேரத்தில் நின்றுவிடும். மின் மோட்டார் வந்துதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நம் சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், வைப்பர் மோட்டார் தயாரிக்கும் கம்பெனிகளில் ஒன்று.

அடுத்தவர் ராபர்ட் கியர்ன்ஸ். ஒரு கண்ணில் பார்வை பழுதுபட்டவர். நம் இமை ஓயாமலா அடிக்கிறது, விட்டு விட்டுத்தானே சிமிட்டுகிறது, வைப்பர் ஏன் அப்படி இயங்கக் கூடாது என்று யோசித்தார். விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பர் 1960-களில் அப்படிப் பிறந்தது. அதற்காக ஃபோர்டு கம்பெனியோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். 1990-ல் ஒரு கோடியே இரண்டு லட்சம் டாலர் தர ஃபோர்டு ஒப்புக்கொண்டது.

இதுவரை மழை வந்ததா என்று தீர்மானித்தது ஓட்டுநரின் கண். அந்த வேலையைத்தான் சென்சார் எடுத்துக்கொண்டது. உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு பெட்டி அது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முன் கண்ணாடிக்குள் சாய்வாக அனுப்பும். கண்ணாடி காய்ந்திருந்தால் ஒளி முழுதாக எதிரொளித்துத் திரும்பும். பத்தாம் வகுப்பில் படித்த முழு அக எதிரொளிப்புதான்! வெளியே தண்ணீர் ஒட்டியிருந்தால் ஒளியில் ஒரு பங்கு அதன் வழியே தப்பிவிடும். திரும்பும் ஒளி குறைந்தால் மழை என்று கணக்கு.

தண்ணீர் ஒட்டாத மருந்தின் கதை தனி. வைப்பர் பழுதானால் நம் லாரி டிரைவர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பார்கள். தண்ணீர் துளியாக நிற்காமல் படலமாகப் பரவி, பாதை தெரியும். இன்றைய மருந்து அதற்கு நேர் எதிர். 1972-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் ஓலைன் கொண்டுவந்த ரெயின்-எக்ஸ் போன்றவை கண்ணாடியைத் தாமரை இலை மாதிரி ஆக்குகின்றன. தண்ணீர் உருண்டு நிற்கும். வேகமாகப் போனால் காற்று அதைத் தள்ளிவிடும். மெதுவாகப் போனால் அங்கேயே நிற்கும்.

எங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உருண்டு நிற்கும் துளி கண்ணாடியைத் தொடும் இடம் சிறிது. தப்பும் ஒளியும் குறைவு. ஆகவே அதே மழை சென்சாருக்குக் குறைந்த மழையாகத் தெரியும். இரண்டுமே நல்ல கண்டுபிடிப்புகள்தான். ஆனால் ஒன்று மழையைத் தேடுகிறது, மற்றது மழையை மறைக்கிறது. பல கார்களின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நாம் எங்கே அதைப் பிரித்துப் படிக்கிறோம்?

மருந்து பூசக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பூசும் முன் கையேட்டைப் பாருங்கள். சென்சாருக்கு எதிரே உள்ள இடத்தை மட்டும் பூசாமல் விடுவது ஒரு வழி. சென்சாரின் உணர்திறனைக் கூட்ட வசதியிருந்தால் கூட்டிப் பாருங்கள். பூச்சு திட்டுத் திட்டாகத் தேய்ந்துவிட்டால் முழுதாக எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டோவில் இருந்தாலும் உங்கள் விரல் வைப்பர் லீவரை மறக்க வேண்டாம்.

அன்று சூளகிரியில் மாப்பிள்ளை செய்யத் தவறியதும் அதுதான். லீவரை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். "காரே பார்த்துக்கும்னு இருந்துட்டேன் மாமா" என்றார். எனக்கும் தோன்றவில்லையே, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்!

மேரி ஆண்டர்சன் கைப்பிடியை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்தார். நூற்று இருபது வருடம் கழித்தும் அது அங்கேயேதான் இருக்கிறது.