ஒரே கல்லறைத் தோட்டம், இரண்டு கப்பல்கள்

1930-லிருந்து 1933 வரை அமெரிக்க ராணுவம் ஐரோப்பாவில் ஒரே மாதிரியான படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்தது. போர்க்களப் படங்கள் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வயதான பெண்மணி ஒரு கல்லறைச் சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பார். சிலுவையின் அடியில் ஒரு மலர்வளையம். பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதே மாதிரி சிலுவைகள், வரிசை வரிசையாக.

முதல் உலகப்போரைப் பற்றி வாசிக்கும்போது தளபதிகள், ஒப்பந்தங்கள், பதுங்குகுழிகள்னு நிறைய பக்கங்கள் கிடைக்கும். இந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கிற கதை பெரும்பாலும் அடிக்குறிப்பாகத்தான் வரும். ஆனா செத்துப்போன சிப்பாய்களை ஒரு நாடு எப்படி நினைவில் வைக்குதுன்னு யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது. அதனால இதைத் தனியாக எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

உடலைக் கொண்டுவரணுமா, வேண்டாமா?

அமெரிக்கா போரில் இறங்கியது 1917 ஏப்ரலில். போர் முடிந்தது 1918 நவம்பர் 11. இந்தப் பத்தொன்பது மாதங்களில் இறந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 1,16,000 பேர். இதில் பாதிக்கு மேல் நோயில் போனவர்கள். முக்கியமாக அந்த வருஷத்து இன்ஃப்ளூயன்சா.

போர் முடிந்ததும் ஒரு பெரிய கேள்வி வந்தது. கடலுக்கு அப்பால் புதைத்த உடல்களை என்ன செய்வது? பிரிட்டன் தன் வீரர்கள் விழுந்த நாட்டிலேயே கிடக்கட்டும்னு எல்லாருக்கும் ஒரே விதி போட்டுவிட்டது. அமெரிக்க அரசு முடிவைக் குடும்பங்களிடமே விட்டது. "உங்கள் மகனை ஊருக்குக் கொண்டுவரவா, அங்கேயே விடவா?" என்று கேட்டு வீடுகளுக்குக் கேள்வி அட்டை போனது. ஏறத்தாழ 46,000 உடல்கள் கப்பலில் திரும்பி வந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள்.

அங்கேயே இருக்கட்டும்னு சொன்னவர்களில் மிகப் பிரபலமான குடும்பம் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் குடும்பம். அவருடைய கடைசி மகன் குவென்டின், விமானி, 1918 ஜூலை 14-ல் பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். விழுந்த இடத்திலேயே அடக்கம் இருக்கட்டும் என்பது பெற்றோரின் முடிவு. அடுத்த வருஷமே தாய் ஈடித் ரூஸ்வெல்ட் பிரான்ஸ் போய் மகன் கல்லறையைப் பார்த்துட்டு வந்தார்.

அவரால் முடிந்தது. அயோவாவில் சோளம் பயிரிடுகிற குடும்பத்துத் தாய்க்கும், ஜார்ஜியாவில் பருத்தி பொறுக்குகிற தாய்க்கும் அட்லாண்டிக்கைத் தாண்டும் கப்பல் டிக்கெட் என்பது கனவில்கூட நடக்காத காரியம். மகனை அங்கேயே விட்டதன் அர்த்தம், சாகும்வரை அந்த மண்ணைப் பார்க்கப் போவதில்லை என்பதுதான்.

நீல நட்சத்திரம், தங்க நட்சத்திரம்

போர்க்காலத்தில் அமெரிக்க வீட்டு ஜன்னல்களில் ஒரு சின்னக் கொடி தொங்கும். வீட்டிலிருந்து எத்தனை பேர் படையில் இருக்கிறார்களோ அத்தனை நீல நட்சத்திரம். ஒருவர் இறந்துவிட்டால் அந்த நீல நட்சத்திரத்தின் மேல் தங்க நட்சத்திரம் ஏறும். தெருவில் நடந்து போறவருக்குக் கதவைத் தட்டாமலே விஷயம் புரிந்துவிடும். இப்படித்தான் 'தங்க நட்சத்திரத் தாய்' என்கிற பெயரே வந்தது.

இந்தத் தாய்மார்களை அரசுச் செலவில் கல்லறைகளுக்கு அழைத்துப்போகணும்னு 1920-கள் முழுக்கக் கோரிக்கை இருந்தது. கடைசியில் 1929 மார்ச் 2 அன்று, பதவிக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஜனாதிபதி கூலிட்ஜ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தாய்மார்களுக்கும், மறுமணம் செய்யாத மனைவிகளுக்கும் ஒரு முறை பயணம். செலவெல்லாம் அரசுடையது. தகப்பன்மார்களுக்கு இடம் இல்லை. மகன் உடலை ஊருக்கே கொண்டுவந்துவிட்டவர்களுக்கும் இல்லை.

ஏற்பாடு முழுக்க ராணுவத்தின் பொறுப்பு. போரில் சோறு, துணி, வண்டி எல்லாம் பார்த்துக்கொண்ட அதே குவார்ட்டர்மாஸ்டர் பிரிவுதான் இப்போது அறுபது வயதைத் தாண்டிய பெண்களை அழைத்துப்போனது. கூடவே டாக்டர், நர்ஸ், நல்ல ஓட்டல், கல்லறைக்குப் போக பஸ். அங்கே உட்கார ஒரு மடக்கு நாற்காலி, வைக்க ஒரு மலர்வளையம், முடிவில் ஒரு புகைப்படம். நான் முதலில் சொன்ன படங்கள் அவைதான். நான்கு வருஷத்தில் 6,600-க்கும் மேற்பட்ட பெண்கள் போய்வந்தார்கள். ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல் ஒதுக்கப்பட்டது. அதுவும் எப்போது? 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு, வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷங்களில்.

இதுவரை படிச்சா ஒரு அரசாங்கம் தன் மக்களுக்குச் செய்த மிக மென்மையான காரியங்களில் ஒன்று மாதிரித்தான் தெரியும். ஒரு பாதி அப்படித்தான். மறு பாதியைச் சொல்றதுக்கு முன்னால், அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கட்டியது யாருன்னு பார்த்துடலாம்.

ரோமான்யே

முதல் உலகப்போரில் ஏறத்தாழ 3,80,000 கறுப்பின அமெரிக்கர்கள் படையில் இருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம். ஆனா துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டவர்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம் மட்டுமே. மற்றவர்களுக்குக் கிடைத்தது துறைமுகத்தில் மூட்டை தூக்குவது, ரோடு போடுவது, குழி வெட்டுவது.

வடகிழக்குப் பிரான்சில் ரோமான்யே என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மியூஸ்-ஆர்கோன் கல்லறைத் தோட்டம். ஐரோப்பாவிலேயே பெரிய அமெரிக்கக் கல்லறைத் தோட்டம் இதுதான். இன்றைக்கு அங்கே 14,246 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். 1919 வசந்தத்தில், வயல்களிலும் காடுகளிலும் அவசரமாகப் புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து முறையாக அடக்கம் செய்தார்கள். அந்த வேலையின் பெரும்பங்கு கறுப்பினத் தொழிற்படையினர் தலையில் விழுந்தது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த உடல்கள். மற்றவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது இவர்கள் செய்த வேலை இது. அப்போது பிரான்சில் ஒய்எம்சிஏ ஊழியராக இருந்த ஆடி ஹன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு ஆச்சரியம். அந்தத் தோட்டத்தில் கல்லறைகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்படவில்லை. கல்லில் பெயர், பதவி, படைப்பிரிவு, மாநிலம், இறந்த தேதி. அவ்வளவுதான். அலபாமாவின் வெள்ளைக்காரப் பையனுக்குப் பக்கத்தில் நியூயார்க்கின் கறுப்பினப் பையன் படுத்திருக்கலாம். அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்திலேயே 1948 வரை நிறம் பார்த்துத்தான் புதைத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

இரண்டாவது கப்பல்

1930 மே மாதம் முதல் குழு 'அமெரிக்கா' என்ற பெரிய பயணிகள் கப்பலில் நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. அதில் ஒரு கறுப்பினத் தாய்கூட இல்லை. அவர்களுக்குத் தனிக் குழு, தனிக் கப்பல் என்று போர்த்துறை முடிவு செய்திருந்தது. ஜூலை 12 அன்று அவர்களின் முதல் குழு கிளம்பியது 'அமெரிக்கன் மெர்ச்சன்ட்' என்ற கப்பலில். சரக்கும் ஏற்றும், பயணிகளையும் ஏற்றும் சின்னக் கப்பல். நியூயார்க்கில் வெள்ளைக்காரத் தாய்மார்கள் தங்கியது நகரத்தின் நல்ல ஓட்டல்களில். இவர்கள் தங்கியது ஹார்லெமில், ஒய்டபிள்யூசிஏ விடுதியில்.

அரசு சொன்ன காரணத்தைக் கேளுங்க. துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் இனத்தவர்களோடு இருப்பதுதான் ஆறுதலாக இருக்குமாம். வசதியில் குறை வைக்க மாட்டோமாம். 'தனித்தனி, ஆனால் சமம்' என்று ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லிவந்த அதே வாதம், இப்போது மகனைப் பறிகொடுத்தவளிடம் போய் நின்றது.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி களத்தில் இறங்கியது. 21 மாநிலங்களைச் சேர்ந்த 55 தாய்மார்களும் விதவைகளும் கையெழுத்திட்ட மனு ஜனாதிபதி ஹூவருக்குப் போனது. பிரித்து அழைத்துப்போவதாக இருந்தால் எங்களுக்கு இந்தப் பயணமே வேண்டாம் என்பதுதான் மனுவின் சாரம். முடிவு மாறவில்லை.

அந்தப் பெண்களின் நிலைமையை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பன்னிரண்டு வருஷமா மகன் எங்கே கிடக்கிறான்னு பார்த்ததில்லை. இப்போது கடிதம் வந்திருக்கு, ஒரு காசு செலவில்லை. போனால் அவமானத்தை ஏற்றுக்கொண்ட மாதிரி. போகாவிட்டால் அந்த மண்ணை இனி எப்போதும் தொட முடியாது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போட வயதும் இல்லை. சிலர் வர மறுத்தார்கள். நான்கு வருஷத்தில் போனவர்கள் ஏறத்தாழ 280 பேர். கறுப்பினப் பத்திரிகைகளில் போனவர்களைத் திட்டியும் எழுதினார்கள்.

எனக்கு இதில் யாரையும் குறை சொல்லத் தோணலை. மறுத்தவள் மகனின் மரியாதைக்காக மறுத்தாள். போனவள் மகனுக்காகப் போனாள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுன்னு ஒரு தாயை நிறுத்தியது யாரு என்பதுதான் கேள்வி.

போய்வந்தவர்களில் பலர் தங்களை நன்றாகக் கவனித்துக்கொண்டதாகவே சொன்னார்கள். இதையும் சொல்லணும், இல்லாட்டி கதை முழுசாகாது. அவர்களுடன் போன அதிகாரி கர்னல் பெஞ்சமின் ஓ. டேவிஸ். பத்து வருஷம் கழித்து, 1940-ல், அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனவர் இவர்தான். பாரிசில் இவர்களை இசையோடு வரவேற்றது நோபிள் சிஸ்ஸில் குழு. போரில் புகழ்பெற்ற 369-ஆம் படைப்பிரிவின் வாத்தியக் குழுவில் இருந்தவர் அவர். கல்லறையில் இவர்களுக்கும் நாற்காலி, மலர்வளையம், புகைப்படம். அந்தத் தோட்டத்துக்குள் இருந்த நேரத்தில் மட்டும் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

பெயரில்லாதவர் யார்?

1921 நவம்பர் 11-ல் ஆர்லிங்டனில் 'அடையாளம் தெரியாத வீரர்' ஒருவரை அடக்கம் செய்தார்கள். பிரான்சில் நான்கு கல்லறைத் தோட்டங்களிலிருந்து நான்கு அடையாளம் தெரியாத உடல்களை எடுத்துவந்து, எட்வர்ட் யங்கர் என்ற சார்ஜென்ட் ஒரு பெட்டியின் மேல் வெள்ளை ரோஜாக்களை வைத்துத் தேர்ந்தெடுத்தார். தேசம் மொத்தமும் துக்கம் கொண்டாடிய அந்த உடலின் நிறம் யாருக்கும் தெரியாது.

தாய்மார்களைப் பிரித்து அனுப்பும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், 1930-ல் ஒரு நீண்ட கேலிக் கவிதை எழுதினார். இறுதித் தீர்ப்பு நாளில் அடையாளம் தெரியாத வீரரின் சமாதியைத் திறக்கிறார்கள். எழுந்து வருபவர் ஒரு கறுப்பினத்தவர். கூடியிருந்த தேசபக்தர்கள் அவரைத் திரும்பப் புதைத்துவிடலாமான்னு யோசிக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

பெயர் தெரிந்தவரின் கதையும் அதற்குக் குறைந்ததில்லை. தென் கரோலினாக்காரர் கார்ப்பரல் ஃப்ரெடி ஸ்டோவர்ஸ், 371-ஆம் படைப்பிரிவு. 1918 செப்டம்பர் 28 அன்று 188-ஆம் குன்றைத் தாக்கியபோது, ஜெர்மானியர் சரணடைவது போல் நடித்துச் சுட்டதில் அவருடைய கம்பெனியில் பாதிப்பேருக்கு மேல் விழுந்தார்கள். பொறுப்பைக் கையில் எடுத்து மிச்சப் பேரை நடத்திப்போய், ஒரு இயந்திரத் துப்பாக்கி நிலையைப் பிடித்து, அடுத்த பதுங்குகுழியை நோக்கிப் போகும்போது குண்டடிபட்டு இறந்தார். உயரிய மெடல் ஆஃப் ஆனர் விருதுக்கு அப்போதே பரிந்துரை எழுதினார்கள். அது எங்கேயோ கிடப்பில் போனது. 1991 ஏப்ரலில்தான் வெள்ளை மாளிகையில் அவருடைய இரண்டு சகோதரிகள் அந்தப் பதக்கத்தை வாங்கினார்கள். முதல் உலகப்போருக்காக ஒரு கறுப்பின வீரருக்குக் கிடைத்த முதல் மெடல் ஆஃப் ஆனர் அதுதான், 73 வருஷம் கழித்து. அவர் அடக்கமாகியிருப்பதும் ரோமான்யேயில்தான்.

இறந்தவர்களுக்குச் சமமான கல் வைப்பது சுலபம். அவர்கள் எதையும் கேட்கப்போவதில்லை. கஷ்டம் அந்தக் கல்லைப் பார்க்க வருகிற உயிருள்ளவர்கள் விஷயத்தில்தான். ஏன்னா அவர்களுக்குக் கப்பலில் இடம் கொடுக்கணும், ஓட்டலில் ரூம் கொடுக்கணும், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார வைக்கணும். அமெரிக்கா 1919-ல் முதலாவதைச் செய்தது. 1930-ல் இரண்டாவதைச் செய்ய முடியலை.

அடுத்த முறை எங்கேயாவது அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தீங்கன்னா, அந்த அம்மா எந்தக் கப்பலில் வந்திருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.