படைத்தவரா? காத்தவரா?

நடுவர் அவர்களே! சாரலில் நனைந்தாலும் எழுந்து போகாத தென்காசிப் பெருமக்களே, தாய்மார்களே!

கலை வாழ்வது படைத்தவராலா, காத்தவராலா? "படைக்காமல் எதைக் காப்பீர்கள்?" என்று எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். சரி, தமிழின் முதல் பேசும் படம் எது?

(கூட்டத்திலிருந்து: காளிதாஸ்!)

சபாஷ்! 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தார். யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்க முடியாது ஐயா! ஒரு பிரதிகூட இன்று இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' ஊமைப்படமும் இல்லை. அந்தக் காலத்து பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தீக்குத் தப்பிய பல சுருள்களை, அதிலிருந்த வெள்ளிக்காக நம்ம ஆட்களே உருக்கிவிட்டார்கள்.

கொஞ்சம் கடல் தாண்டுவோம். டென்மார்க்கைச் சேர்ந்த டிரையர், 1928-ல் பிரான்சில் ஜோன் ஆஃப் ஆர்க் கதையைப் படமாக்கினார். மூல நெகடிவ் தீயில் போயிற்று. போனது போனதுதான் என்று இருந்தார்கள். 1981-ல் நார்வேயில், ஆஸ்லோவில், ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் நல்ல பிரதி கிடைத்தது! புத்திசாலிகள் தொலைத்ததை எங்கே காப்பாற்றி வைத்திருந்தார்கள், பார்த்தீர்களா?

நம் பக்கத்துக்கு வருவோம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடுதானே இருந்தது? அந்த ராஜ்யத்தில் 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா' ஊமைப்படம் வந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். நாவலுக்கு உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. படம் நின்றது, பெட்டி பதிப்பகத்தார் கைக்குப் போயிற்று. 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. வழக்குப் போட்டவர் வைத்திருந்ததால் பிழைத்த படம்!

குற்றாலத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிசபை. பொன்னையும் வெள்ளியையும் யாரும் பூட்டி வைப்பார்கள். நம் சித்திர சபையில் நடராஜர் ஆடுவது வெறும் வண்ணத்தில். சாரல் அடிக்கிற ஊரில் வண்ணம் நிற்க வேண்டுமென்றால், வரைந்த கை போதாது. பிற்பாடு வந்தவன் கையும் வேண்டும்.

படைத்தவரைக் குறைத்துப் பேசவில்லை. ராஜலட்சுமி அம்மா நடித்த நடிப்பு எங்கே ஐயா? பெயர் இருக்கிறது, முகம் காணோம். அதனால் தாய்மார்களே, பரணில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகமோ துருப்பிடித்த பிலிம் டப்பாவோ கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் யாரிடமாவது காட்டுங்கள். படைத்தவர் தந்தது பிறப்பு; காத்தவர் தந்தது ஆயுள். தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே!