மயோனைஸ்: ஒரு கோட்டையின் வீழ்ச்சியும் ஒரு விருந்துக் கதையும்

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில் எஞ்சிய இடத்தை நிரப்ப ஒரு துணுக்கு எழுதித் தருமாறு பணிக்கப்பட்டேன். ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வாசித்த 'மயோனைஸ் பிறந்த கதை'யைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது அச்சான பின்னர் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் எழுதிய கதை இதுதான். 1756இல் மத்தியதரைக் கடலிலுள்ள மினோர்க்காத் தீவு பிரித்தானியர் வசமிருந்தது. ஏப்ரலில் ரிஷலியூ கோமகனின் தலைமையில் ஏறத்தாழ 15,000 பிரெஞ்சுப் படையினர் அங்கு இறங்கி, மாகோன் துறைமுகத்தைக் காத்துநின்ற புனித பிலிப் கோட்டையை முற்றுகையிட்டனர். ஜூன் இறுதியில் கோட்டை வீழ்ந்தது. வெற்றி விருந்துக்குப் பாலாடை கிடைக்காமையால், கோமகனின் சமையற்காரர் முட்டை மஞ்சட்கருவுடன் ஒலிவ் எண்ணெயை அடித்துக் குழைத்து ஒரு சுவைக்கூட்டைப் படைத்தார். மாகோனின் பெயரே அதற்கு நிலைத்தது.

முற்றுகை வரலாறு. விருந்து அவ்வாறன்று. 'மயோனைஸ்' என்னும் சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயாகும். 1808இல் எழுதிய பிரெஞ்சு உணவு விமர்சகர் கிறிமோ த லா ரெய்னியேர், இதனைச் சிலர் மயோனைஸ் என்றும், சிலர் மாகோனேஸ் என்றும், வேறு சிலர் பயோனேஸ் என்றும் அழைப்பதாகப் பதிவுசெய்துள்ளார். முற்றுகை முடிந்து ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் பெயரில் உடன்பாடு இருக்கவில்லை. தவிரவும், எண்ணெயை உள்ளியுடன் குழைத்த 'அலியோலி' அப்பிரதேச மக்கள் முன்னரே அறிந்த ஒன்று.

விருந்துக் கதையைச் சொல்வோர் பலர் அட்மிரல் ஜோன் பிங்கைச் சொல்வதில்லை. கோட்டையை மீட்க அனுப்பப்பட்ட அவர், 1756 மே 20ஆம் திகதி முடிவற்ற கடற்சமரொன்றின் பின் கிப்ரல்டாருக்குத் திரும்பினார். இராணுவ நீதிமன்றம் அவர் கோழையல்லர் எனக் கண்டது. ஆயினும் தம்மாலியன்ற அனைத்தையும் செய்யவில்லை என்று மரண தண்டனை விதித்து, கருணை காட்டுமாறும் பரிந்துரைத்தது. மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் இணங்கவில்லை. 1757 மார்ச் 14ஆம் திகதி போர்ட்ஸ்மவுத்தில் கப்பற்தளத்தில் வைத்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். என் துணுக்கிலும் அவருக்கு இடமிருக்கவில்லை.

மயோனைஸைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவர்கள் வணிகர்கள். ஜேர்மனியிலிருந்து குடியேறிய ரிச்சர்ட் ஹெல்மன் 1905இல் நியூயோர்க்கில் உணவுக்கடை திறந்தார். 1912 முதல் அதனைக் கண்ணாடிப் போத்தல்களில் விற்றார். யப்பானில் 1925இல் நகாஷிமா தோயிச்சிரோ மஞ்சட்கருவை மாத்திரம் கொண்டு 'கியூப்பி'யை அறிமுகப்படுத்தினார். உலகப்போரின்போது அதன் உற்பத்தி தடைப்பட்டது.

எண்ணெயும் நீரும் ஒட்டாதவை. மஞ்சட்கருவிலுள்ள லெசித்தின் அவற்றைப் பிணைக்கின்றது. வீட்டுப் பயன்கள் பலவற்றின் இரகசியமும் இதுவே. கேக் மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் மென்மை வருவது, உள்ளே முட்டையும் எண்ணெயும் இருப்பதால். மரமேசையில் ஈரக்கோப்பை விட்ட வெண்வளையம் மங்குவதும், போத்தலில் ஒட்டிய பசை இளகுவதும் எண்ணெயின் வேலை. 2021இல் இஸ்ரேலியக் கரையில் தார் ஒதுங்கியபோது, அதை விழுங்கிய கடலாமைகளின் உடலிலிருந்து தாரை அகற்ற மீட்பு நிலையத்தார் மயோனைஸ் ஊட்டினர். தலைப்பேனை ஒழிக்கும் என்பதற்கோ உறுதியான சான்றில்லை.

பச்சை முட்டையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். அதனாலேயே 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. வீட்டில் செய்வோர் பாஸ்டர் முறையில் சூடாக்கிய முட்டையைப் பயன்படுத்துவதும், உடன் குளிரூட்டியில் வைப்பதும் நன்று.

அந்த மூத்தவர் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்விக்குரிய பதிலைத் தாமதமாகவேனும் இங்கு பதிவுசெய்கிறேன்: விருந்துக்கு ஆதாரம் இல்லை, ஐயா; சுடப்பட்டவருக்கு உண்டு.